ட்ரோன் பறந்தால் கடல் உயிர்கள் பிழைத்துவிடுமா?

திமிங்கலக் கூட்டத்தை மேலிருந்து எடுத்த வீடியோ வாட்ஸப்பில் வராத வாரமே கிடையாது. கூடவே யாராவது "இனிமே ட்ரோன் போதும், கடல்ல நடக்குறதெல்லாம் தெரிஞ்சிடும்" என்று ஒரு வரி சேர்த்து அனுப்பியிருப்பார்கள். செய்திகளிலும் இதே பல்லவிதான்: கடலாமையைக் காக்க ட்ரோன், ஆவுளியாவைக் கணக்கெடுக்க ட்ரோன், திமிங்கலத்தைக் கண்காணிக்க ட்ரோன். இதையெல்லாம் படிக்கிறவர் மனதில், இந்த இயந்திரம் இரவும் பகலும் கடல்மேல் சுற்றிச் சுற்றி வந்து விலங்குகளுக்குக் காவல் நிற்கிறது என்று ஒரு சித்திரம் பதிந்துபோகிறது.

சட்டவிரோத மீன்பிடிப்பைப் பிடிக்க ட்ரோன் அனுப்புவதும் உண்டுதான், அது தனிக்கதை. ஆனால் கடல் உயிரின ஆய்வில் ட்ரோன் பார்ப்பது மூன்று வேலைகள்: எண்ணுவது, அளப்பது, மாதிரி எடுப்பது. முதல் இரண்டிலும் அது கொண்டுவந்து கொடுப்பது வெறும் படம். அந்தப் படத்தை நம்பத்தகுந்த ஒரு எண்ணாக மாற்றுவதில்தான் முழு வித்தையும் இருக்கிறது, அதைத்தான் யாரும் விளக்குவதில்லை.

மேலே போய்ப் பார்ப்பது எதற்கு?

படகில் நின்று கடலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கண் இருப்பது தண்ணீருக்கு இரண்டு மூன்று மீட்டர் மேலே, பார்வை சாய்வாகப் போகிறது, வான வெளிச்சம் நீர்ப்பரப்பில் பட்டுக் கண்ணைக் கூச வைக்கிறது. ஏதாவது முதுகைக் காட்டினால்தான் அங்கே ஒன்று இருப்பதே தெரியும். நேர் மேலிருந்து பார்த்தால் இந்தக் கூச்சம் பெருமளவு குறைந்துவிடும், தண்ணீர் தெளிவாக இருந்தால் சில மீட்டர் ஆழத்தில் நீந்துவதும் தெரியும்.

இதற்காக முன்பெல்லாம் சிறு விமானத்திலோ ஹெலிகாப்டரிலோ போனார்கள், இன்றும் பெரிய பரப்புகளுக்குப் போகிறார்கள். செலவு ஒருபுறம், ஆபத்து இன்னொருபுறம். அமெரிக்காவில் வேலையின்போது இறந்த வனவிலங்கு ஆய்வாளர்களின் கணக்கைப் பார்த்தால் பெரும்பாலான மரணங்கள் விமான, ஹெலிகாப்டர் விபத்துகளில் நடந்தவை. தாழ்வாகவும் மெதுவாகவும் பறந்தபடி கீழேயே பார்த்துக்கொண்டிருக்கும் வேலை அது. ஆளில்லாமல் பறக்கும் கருவிமீது ஆய்வாளர்களுக்கு ஆர்வம் வந்ததற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

ட்ரோன்களில் இரண்டு வகையைத் தெரிந்துகொண்டால் போதும். நான்கு அல்லது ஆறு விசிறிகளோடு ஒரே இடத்தில் அந்தரத்தில் நிற்கக்கூடியது ஒன்று, இதன் பேட்டரி பொதுவாக இருபது முப்பது நிமிடம் தாங்கும். இறக்கையோடு விமானம்போல நேராகப் போவது இன்னொன்று, இது மணிக்கணக்கில் பறக்கும், ஆனால் நிற்கத் தெரியாது. ஒரு திமிங்கலத்தை அளக்க முதல் வகை, ஒரு வளைகுடாவையே வரிவரியாகப் படமெடுக்க இரண்டாவது வகை.

எண்ணுவது: ரெயின் தீவு ஆமைகளின் முதுகில் ஒரு வெள்ளைக் கோடு

ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப், அதாவது பெரும் பவளத்திட்டுப் பகுதியின் வடக்கே ரெயின் தீவு என்று ஒரு மணல்திட்டு இருக்கிறது. சுமார் முப்பது ஹெக்டேர்தான், ஆனால் உலகிலேயே அதிகமான பச்சைக் கடலாமைகள் முட்டையிட வருவது அங்கேதான். 2019 டிசம்பரில் அந்தத் தீவைச் சுற்றி எடுத்த ட்ரோன் படம் அடுத்த ஆண்டு வெளியானபோது உலகம் முழுக்கச் சுற்றியது. நீலநிறத் தண்ணீரில் கடுகைக் கொட்டியதுபோல ஆமைகள். கரையேறக் காத்திருந்தவை 64,000 வரை இருக்கும் என்று கணக்கிட்டார்கள்.

படத்தில் இருந்த புள்ளிகளை எண்ணிவிட்டார்கள் என்றுதான் நமக்குத் தோன்றும். அப்படி எண்ணவில்லை, எண்ணவும் முடியாது. ஆமைகள் உள்ளே போகும், வெளியே வரும், ஒன்றன்மேல் ஒன்று ஏறும், பக்கத்துத் திட்டுக்கு நகரும்.

அவர்கள் செய்ததைப் புரிந்துகொள்ள ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போவோம். வந்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று தெரியவேண்டும், ஆனால் ஆட்கள் ஓரிடத்தில் நிற்கமாட்டார்கள். வாசலில் 150 பேர் நெற்றியில் மட்டும் சந்தனம் வைத்து அனுப்பிவிடுங்கள். அவர்கள் கூட்டத்தோடு நன்றாகக் கலந்த பிறகு பந்தியில் கண்ணில் படுகிற நூறு பேரைப் பாருங்கள். பதினைந்து பேர் நெற்றியில் சந்தனம் இருக்கிறதா? அப்படியானால் கூட்டத்தில் நூற்றுக்குப் பதினைந்து பேர் சந்தனக்காரர்கள். மொத்தச் சந்தனக்காரர்கள் 150 என்று நமக்குத் தெரியும். ஆக மண்டபத்தில் ஆயிரம் பேர். எல்லோரையும் எண்ணாமலே எண்ணியாயிற்று. இதற்குப் பெயர் குறியிட்டுக் கணக்கிடும் முறை.

ரெயின் தீவில் சந்தனத்துக்குப் பதில் வெள்ளைப் பெயின்ட். கரையேறி முட்டையிட வந்த ஆமைகளின் ஓட்டில் ஒரு வெள்ளைக் கோடு போட்டார்கள், நச்சில்லாத, சில நாட்களில் கழுவிப்போகிற பெயின்ட். பிறகு தண்ணீரில் நீந்தும் ஆமைகளில் கோடு உள்ளவை எத்தனை, இல்லாதவை எத்தனை என்று பார்த்தார்கள். இது ட்ரோனுக்கு முன்பே இருந்த முறைதான். பல ஆண்டுகளாகச் சிறு படகில் நின்று கண்ணால் பார்த்தே செய்துவந்தார்கள்.

சிக்கல் படகில்தான் இருந்தது. மறுபடியும் மண்டபத்துக்கு வாருங்கள். பந்திக்குள் அவசரமாக ஒரு சுற்றுச் சுற்றி வருகிறவர் கண்ணில் பளிச்சென்று சந்தனம் வைத்த நெற்றிகள்தான் முதலில் படும், வெறும் நெற்றிகளைப் பலதடவை கவனிக்காமலே தாண்டிவிடுவார். நூறு பேரில் இருபத்தைந்து பேர் சந்தனம் என்று எழுதிக்கொள்வார். கணக்குப் போட்டால் அறுநூறு பேர்! நானூறு பேர் காற்றோடு போய்விட்டார்கள். படகிலிருந்து பார்த்தவர்களுக்கும் இதே கதிதான். வெள்ளைக் கோடு போட்ட ஆமை எளிதில் கண்ணில் பட்டது, பழுப்பு ஓடு தண்ணீரோடு கலந்து தப்பிவிட்டது.

ட்ரோன் வீடியோவில் இந்தப் பாரபட்சம் பெருமளவு போய்விட்டது. நேர் மேலிருந்து எடுத்தது, நிறுத்தி நிறுத்தித் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். இரண்டு கணக்கையும் ஒப்பிட்டபோது ஆமைகளின் உண்மையான எண்ணிக்கை பழைய மதிப்பீட்டைப்போல 1.73 மடங்கு என்று தெரிந்தது.

இதைப் படித்ததும் ஆமைகள் பெருகிவிட்டன, ட்ரோன் வந்ததும் நல்லகாலம் பிறந்துவிட்டது என்று சிலர் சந்தோஷப்படுவார்கள். ஒரு ஆமைகூடக் கூடவில்லை. இத்தனை வருடமும் குறைத்து எண்ணிக்கொண்டிருந்தோம் என்பது மட்டும்தான் தெரிந்தது. அதில் இன்னொரு லாபம், பழைய கணக்குகளையும் அதே விகிதத்தில் திருத்திக்கொள்ளலாம், பல வருடச் சேகரிப்பு வீணாகப் போகாது.

தண்ணீருக்குள் முங்கியிருப்பது கணக்கில் வருமா?

ஆமைகளாவது தெளிந்த தண்ணீரில் இருந்தன. ஆவுளியாவை எடுத்துக்கொள்ளுங்கள், கடற்பசு என்றும் சொல்கிறோமே, அதே பிராணிதான். அடியில் கடற்புல் மேய்கிறது, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சுவிட மேலே வருகிறது, மூக்கை மட்டும் நீட்டிவிட்டு மறுபடி இறங்கிவிடுகிறது. ட்ரோன் தலைக்குமேல் கடக்கும் அந்த நொடியில் அது அடியில் இருந்தால் படத்தில் வராது.

இருந்தும் கண்ணுக்கு எட்டாததால் விடுபடுவதை, முங்கல் பிழை என்று இங்கே வைத்துக்கொள்வோம். இது கேமராவின் குற்றம் இல்லை. எவ்வளவு விலை உயர்ந்த கேமராவும் கலங்கிய தண்ணீரைத் துளைத்துப் பார்க்காது. சரிசெய்ய ஒரே வழி, அந்த விலங்கு பொழுதில் எத்தனை பங்கு நேரம் கண்ணுக்குத் தெரியும் ஆழத்தில் இருக்கிறது என்று தனியாகக் கண்டுபிடிப்பது. மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் தெரியும் என்றால், படத்தில் கண்ட எண்ணிக்கையை மூன்றால் பெருக்க வேண்டும்.

ஆஸ்திரேலியர்கள் இதற்காகச் செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆவுளியா வடிவத்தில் பொம்மை செய்து கடலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, எந்த ஆழத்தில் மேலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்கு அது மறைகிறது என்று குறித்துக்கொண்டார்கள். தண்ணீர் தெளிவாக இருக்கும் இடத்துக்கு ஒரு அளவு, கலங்கலுக்கு வேறு அளவு. உயிருள்ள ஆவுளியாக்களில் ஆழம்காட்டும் கருவியைக் கட்டி அவை எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கின்றன என்றும் தெரிந்துகொண்டார்கள். இரண்டையும் சேர்த்தால் பெருக்க வேண்டிய எண் கிடைக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே பகுதியில் 2010இல் இறக்கை வகை ட்ரோனை விட்டு ஆவுளியாக்களைப் படமெடுத்துச் சோதித்தபோதும், படத்தில் கண்டதை அப்படியே மொத்த எண்ணிக்கையாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தச் சோதனையில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. ஒவ்வொன்றையும் ஆட்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது, பெரும்பாலான படங்களில் வெறும் தண்ணீர்தான். ஏஐ வந்தது இந்தச் சலிப்பைத் தீர்க்க. ஆயிரக்கணக்கான மாதிரிப் படங்களைக் காட்டிப் பழக்கிய நிரல், சந்தேகத்துக்குரிய படங்களை மட்டும் பொறுக்கிக் கொடுக்கும். அலை நுரையையும் பாறையையும் விலங்கு என்று காட்டும், சிலதை விட்டும்விடும், அதனால் கடைசியில் மனிதக்கண் ஒன்று சரிபார்த்தே ஆகவேண்டும். முங்கல் பிழையை ஏஐயாலும் தீர்க்க முடியாது, படத்திலேயே இல்லாததை அது எங்கிருந்து எடுக்கும்?

நம் பக்கத்துக்கும் இது பொருந்தும். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரம் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை ஆவுளியா பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது. இந்தியக் கடலில் சுமார் 240 ஆவுளியாக்கள் இருப்பதாக அப்போது சொல்லப்பட்டது. இந்தமாதிரி சின்ன எண்ணிக்கையில் பெருக்கும் எண் கொஞ்சம் பிசகினாலும், அழிவின் விளிம்பில் இருப்பது தேறிவருவதாகத் தெரியும், தேறிவருவது அழிவதாகத் தெரியும். "ட்ரோன் கணக்கெடுப்பில் இத்தனை ஆவுளியாக்கள்" என்று இனிமேல் செய்தி வந்தால், அது படத்தில் கண்ட எண்ணா, திருத்திய எண்ணா என்று பாருங்கள்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ட்ரோன் தருவது பார்வைக்கோணம். எண்ணிக்கை வேண்டுமானால் குறியிட்டு விகிதம் பார்க்கலாம், அல்லது முங்கியிருக்கும் நேரத்தைத் தனியாக அளந்து திருத்தலாம். திருத்தாத எண் விலங்குகளைக் குறைத்துத்தான் காட்டும்.

அளப்பது: படத்தில் ஸ்கேல் வைக்க முடியாதே

அடுத்த வேலை இன்னும் சுவாரசியமானது. ஒரு திமிங்கலம் ஒழுங்காகச் சாப்பிடுகிறதா, இளைத்திருக்கிறதா, சினையாக இருக்கிறதா என்று அதைத் தொடாமலே சொல்வது. படத்திலிருந்து அளவெடுக்கும் இந்த முறைக்குப் போட்டோகிராமெட்ரி என்று பெயர்.

டிஜிட்டல் படம் பிக்சல் எனப்படும் பொடிப்பொடிச் சதுரங்களால் ஆனது. ஒரு கேமரா 40 மீட்டர் உயரத்தில் இருக்கும்போது ஒரு பிக்சலுக்குள் கடல்பரப்பின் 6 மில்லிமீட்டர் அடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். படத்தில் மூக்கிலிருந்து வால்வரை 1000 பிக்சல் இருந்தால் விலங்கின் நீளம் 6 மீட்டர். அவ்வளவுதான் கணக்கு.

ஆனால் ட்ரோன் உண்மையில் 42 மீட்டரில் இருந்திருந்தால்? பிக்சலுக்கு 6.3 மில்லிமீட்டர், நீளம் 6.3 மீட்டர். இரண்டு மீட்டர் உயரம் பிசகியதில் ஒரு அடி நீளம் கூடிவிட்டது. விலங்கு இளைத்ததா கொழுத்ததா என்று சொல்லும் வித்தியாசமோ அகலத்தில் சில சென்டிமீட்டர்தான். கடைகளில் விற்கும் ட்ரோன்கள் பெரும்பாலும் காற்றழுத்தத்தை வைத்து உயரத்தைச் சொல்கின்றன. அழுத்தம் வானிலையோடு மாறும். போதாததற்கு அவை பூஜ்யமாக எடுத்துக்கொள்வது கிளம்பிய இடத்தை, அதாவது படகின் மேல்தளத்தை, கடல்மட்டத்தை இல்லை. அதனால் ஆய்வாளர்கள் லேசர் ஒளியைக் கீழே அனுப்பி அது திரும்பிவரும் நேரத்தை வைத்து உயரத்தை அளக்கும் கருவியைக் கூடவே மாட்டுகிறார்கள், நீளம் தெரிந்த ஒரு பலகையைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் படமெடுத்துச் சரிபார்க்கிறார்கள். விலங்கு உடலை வளைத்திருந்தாலோ ஒருபக்கம் சாய்ந்திருந்தாலோ அந்தப் படம் குப்பைக்குத்தான் போகும்.

ஒரு தந்திரத்தைச் சொல்லியே ஆகவேண்டும். அமெரிக்க, கனடிய எல்லைக் கடலில் தெற்குவாழ் ஓர்காக்கள், அதாவது கொலையாளித் திமிங்கலங்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது, எழுபது சொச்சம்தான் மிச்சம். 2005இலேயே அமெரிக்கா இவற்றை அழியும் நிலையில் உள்ளவையாக அறிவித்துவிட்டது. ஓர்காவின் கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் வெள்ளைத் திட்டு இருக்கும். நன்றாகச் சாப்பிட்ட ஓர்காவை மேலிருந்து பார்த்தால் இரண்டு திட்டுகளும் ஏறக்குறைய இணையாகப் போகும். பட்டினி கிடந்தால் தலைக்குப் பின்னால் உள்ள கொழுப்பு கரைந்து கழுத்துப்பகுதி ஒடுங்கும், திட்டுகளின் பின்முனைகள் ஒன்றையொன்று நெருங்கும். முன்பக்க இடைவெளி, பின்பக்க இடைவெளி, இரண்டுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தாலே உடல்நிலை தெரிந்துவிடும். விகிதம் என்பதால் ட்ரோன் 40 மீட்டரில் இருந்தாலும் 42இல் இருந்தாலும் கவலையில்லை, உயரத்தின் பிழை இரண்டு பக்கமும் ஒரே அளவில் வந்து அடிபட்டுப்போகும். லேசர்கூட வேண்டாம்!

ஹெலிகாப்டரில் தொடங்கிப் பிறகு ட்ரோனுக்கு மாறிய இந்த அளவீடுகளை வைத்து 2021இல் ஒரு ஆய்வு வந்தது. இளைத்த நிலைக்குப் போன ஓர்காக்கள் இறப்பதற்கான வாய்ப்பு மற்றவற்றைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். அதோடு, ஒரு குடும்பத்தின் உடல்நிலை ஃபிரேசர் ஆற்றுக்கு வரும் சினூக் சால்மன் மீனின் வரத்தை ஒட்டி ஏறி இறங்கியது, இன்னொரு குடும்பத்தின் நிலை பியூஜெட் சவுண்ட் என்ற கடற்கழிப் பக்கத்துச் சால்மனை ஒட்டி. எந்த ஓர்காவுக்குப் பசி, எந்த ஆற்று மீன் குறைந்ததால் பசி என்பதுவரை படத்தின் வெள்ளைத் திட்டுகளிலிருந்து போக முடிகிறது.

அப்போ பாதுகாப்பு எங்கே வருகிறது?

இங்கேதான். 2021இல் ட்ரோன் படங்களில் மூன்று ஓர்காக்கள் அகலம் கூடி, சினையாக இருப்பது தெரிந்தது. இந்தக் கூட்டத்தில் கருக்கள் பெரும்பாலும் பிறக்காமலே கலைந்துவிடுகின்றன என்பதால் அது சாதாரணச் செய்தி இல்லை. வாஷிங்டன் மாநில மீன், வனவிலங்குத் துறை அவசர விதி கொண்டுவந்து, திமிங்கலம் காட்டும் வணிகப் படகுகள் அவற்றிடமிருந்து அரை கடல்மைல் தள்ளியே நிற்கவேண்டும் என்றது. அரை கடல்மைல் என்றால் ஏறக்குறைய 930 மீட்டர். அடுத்த ஆண்டு இளைத்துப்போன பத்துக்கும் மேற்பட்ட ஓர்காக்களுக்கும் அதே விதி. 2025 தொடக்கத்திலிருந்து அந்த மாநிலத்தில் எல்லாப் படகுகளுமே இந்த ஓர்காக்களிடமிருந்து ஆயிரம் கெஜம் தள்ளி நிற்கவேண்டும் என்பது சட்டம்.

படகுச் சத்தம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், ஓர்கா இரையைத் தேடுவதே ஒலியால். இயந்திர இரைச்சலில் அதற்கு மீன் கேட்காது. ட்ரோன் இங்கே எந்த ஓர்காவையும் காக்கவில்லை. எந்த ஓர்காவுக்கு இந்த வருடம் நிம்மதி அவசியம் என்று பெயர்சொல்லிக் காட்டியது, ஒரு துறை அதை வைத்து விதி போட்டது. விதி போட ஆளில்லாத கடலில் இதே படங்கள் கம்ப்யூட்டரில் தூங்கும்.

மாதிரி எடுப்பது: திமிங்கலத்தின் மூச்சைப் பிடிப்பது

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் கேட்க வேடிக்கையாக இருந்தாலும் சங்கதி எளிது. திமிங்கலம் மேலே வந்து மூச்சை ஊதும்போது நீர்த்திவலையோடு சளியும் வெளியே வரும். அமெரிக்காவின் ஓஷன் அலையன்ஸ் அமைப்பு ட்ரோனில் ஆய்வகத் தட்டுகளை ஒட்டி அந்த ஊதலுக்குள் பறக்கவிட்டது, கருவிக்கு வைத்த பெயரே ஸ்நாட்பாட், மூக்குச்சளி ரோபோ. சிட்னியில் மக்குவாரி பல்கலைக்கழகத்தினர் ஒரு படி மேலே போய், ஊதலுக்குள் நுழையும் நொடியில் மட்டும் திறந்து மூடிக்கொள்ளும் தட்டை மாட்டினார்கள், வேறு காற்று கலக்கக்கூடாது என்று. டிஎன்ஏ, பாக்டீரியா, வைரஸ் எல்லாம் அதில் கிடைக்கின்றன. தோல் துணுக்கு எடுக்க ஈட்டிமுனையை எய்வதைவிட இது திமிங்கலத்துக்குச் சுகம்.

எல்லாவற்றுக்கும் கணக்கும் ஆய்வகமும் வேண்டியதில்லை. 2017இல் கனடாவின் நூனவுட் பகுதியில் எடுத்த ட்ரோன் வீடியோவில் நார்வால் திமிங்கலம் தன் நீண்ட தந்தத்தால் மீனை ஒரு தட்டுத் தட்டி மயங்கவைத்துத் தின்றது பதிவானது. அந்தத் தந்தம் எதற்கு என்று காலங்காலமாக வாதம் நடக்கிறது, அதன் ஒரு பயன் சில நொடி வீடியோவில் தெரிந்துவிட்டது.

விலங்குக்குத் தொந்தரவு இல்லையா?

யாருக்கு என்பதைப் பொறுத்தது. காற்றில் வரும் சத்தம் தண்ணீருக்குள் அவ்வளவு எளிதில் நுழையாது. நீர்ப்பரப்பில் பட்டுப் பெரும்பகுதி மேலேயே திரும்பிவிடும், நேர் கீழ்நோக்கிச் சுமார் 13 டிகிரி சாய்வுக்குள் வரும் ஒலிதான் உள்ளே இறங்கும், அதிலும் மிகச் சிறு பங்கு. அதனால் சில பத்து மீட்டர் உயரத்தில் நிற்கும் சிறு ட்ரோன், முங்கியிருக்கும் திமிங்கலத்துக்கு அநேகமாகக் கேட்காது. ஐந்து பத்து மீட்டருக்கு இறக்கினால் கதை மாறும். நிழல் விழுந்தாலும் சில விலங்குகள் மிரளும்.

கரையில் படுத்திருக்கும் சீல்களுக்கும் பறவைகளுக்கும் இந்தப் பாதுகாப்புச் சுவர் கிடையாது. 2021 மே மாதம் கலிஃபோர்னியாவின் போல்சா சிக்கா சரணாலயத்தில் ஒரு ட்ரோன் விழுந்தது. கூடுகட்டியிருந்த சுமார் மூவாயிரம் ஆலாப் பறவைகள் வேட்டையாடும் பறவை வந்துவிட்டதென்று பயந்து மொத்தமாகப் பறந்துபோயின, திரும்பி வரவில்லை. மணலில் கிடந்த ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட முட்டைகள் பொரியாமலே வீணாயின. அங்கே ட்ரோன் பறக்கவிடுவது ஏற்கெனவே தடை செய்யப்பட்ட விஷயம்.

உங்களிடம் ட்ரோன் இருந்தால்

250 கிராமுக்குக் குறைவானது, பொம்மை மாதிரிதானே என்று கடற்கரையில் ஏற்றிவிட வேண்டாம். இந்தியாவில் 2021 ட்ரோன் விதிகள் சின்னதுக்குச் சில சலுகைகள் தருகின்றன, ஆனால் சரணாலயத்துக்குள் பறக்க வனத்துறை அனுமதி தனி. ஆவுளியாவும் பங்குனி ஆமையும் காட்டுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை, அவற்றைத் துரத்துவது படமெடுக்கத்தான் என்றாலும் குற்றம்தான். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் திமிங்கலத்துக்கு நூறு மீட்டருக்குள் ட்ரோன் வரவே கூடாது.

டால்ஃபின் கூட்டம் தற்செயலாகக் கண்ணில் பட்டால் உயரத்தைக் குறைக்காமல், பின்னால் துரத்தாமல், இரண்டு நிமிடம் எடுத்துவிட்டுத் திரும்புங்கள். அவை சட்டென்று திசைமாறினாலோ ஒன்றாக முங்கினாலோ அதற்கு நீங்கள்தான் காரணம் என்று எடுத்துக்கொண்டு விலகிவிடுங்கள். இடம், நேரம், பறந்த உயரம் மூன்றையும் குறித்துவைத்து வனத்துறைக்கோ பக்கத்துக் கல்லூரியின் கடல் உயிரியல் துறைக்கோ அனுப்புங்கள். உயரம் எழுதாத வீடியோவை அவர்களால் ரசிக்கத்தான் முடியும்.